பச்சை டப்பாத் தோட்டா

மாப்ளே,

இனி நான் எழுதப் போவதை ஒருவரும் நம்பப் போவதில்லை என்று பெரிய கோயில் நந்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறேன்.

இன்று காலை துப்பாக்கி சுடும் கிளப்பில் பச்சை டப்பாவைத் திறந்தேன். தோட்டாவின் மூக்கில் பூசிய மெழுகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. அந்த வாசனையோடு நீயும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டாய். செத்த பிறகும் என்னை நிம்மதியாகச் சுட விடமாட்டாய் போலிருக்கிறது.

நீ கைத்துப்பாக்கியைத் தூக்கினால் திருவாரூர் வயலில் நிற்கும் கொக்கு பயத்தில் இரண்டாவது காலையும் ஊன்றிக்கொள்ளும். நான் தூக்கினால் காகித இலக்கு கொட்டாவி விடும். என் தோட்டாக்கள் அதை மட்டும் விட்டுவிட்டு, சுவாமிமலை வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்தன. உன்னால் வந்த வயிற்றெரிச்சலுக்கு நான் குடித்த மோரைச் சேர்த்துவைத்திருந்தால், கல்லணையைத் திறக்காமலே ஒரு போகம் குறுவை எடுத்திருக்கலாம்.

உன் கையைத் திருட முடியாது. தோட்டாவைக் காப்பியடிக்கலாமே! நீ சிவப்பு டப்பா என்றால் நானும் சிவப்பு டப்பா.

"என் வயல்ல பொன்னி வெளையுதுன்னு உன் களர்லயும் அதையே வெதைப்பியாடா? ஒவ்வொரு வகையிலயும் அஞ்சு போட்டுப் பாரு. எதோட ஓட்டையெல்லாம் ஒரே எடத்துல கூடுதோ, அதான் உன் துப்பாக்கிக்கு" என்பாய்.

"ஆமா, நல்லதை நீ அமுக்கிக்க. நான் மிச்சத்தைப் பொறுக்கிக்கறேன்!"

கிளப்பின் ஆண்டுப் போட்டிக்கு முந்தைய வாரம் நீ திடீரென்று பச்சைக்கு மாறினாய். "வேகம் கம்மி, ஒதறலும் கம்மி. ஆகா!" என்று ஊர் கேட்கப் புகழ்ந்தாய். மறுநாளே என் பையிலும் பச்சை.

போட்டியன்று என் ஓட்டைகள் ஒரு ரூபாய் நாணயத்துக்கடியில் ஒளிந்துகொண்டன. உன்னுடையவையோ அறுத்த வயலில் மேயவிட்ட வாத்துக் கூட்டம். கோப்பை எனக்கு. அதில்தான் காபி குடித்தேன், அதுவும் உன் வீட்டுக்கே எடுத்து வந்து.

உன் காரியம் முடிந்ததும், துப்பாக்கியையும் மிச்சத் தோட்டாவையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்க உன் மனைவிக்குத் துணையாகப் போனேன். பீரோவைத் திறந்தால் எல்லாம் சிவப்பு. பச்சை ஒன்றே ஒன்று, பாதி காலி.

"என்ன தங்கச்சி, பச்சையை விட்டுட்டானா?"

"அது அவருக்கு ஆகவே ஆகாதுண்ணே. நீங்க டீ குடிக்கப் போனப்ப உங்க துப்பாக்கியில போட்டுப் பாத்தாராம். அதுக்குத்தான் பொருந்துச்சாம். 'சொன்னா கேக்க மாட்டான், நான் வாங்கினா வாங்குவான்'னாரு."

"சரி, போட்டியன்னிக்காவது சிவப்பைப் போட்டிருக்கலாமே?"

"போட்டா நீங்களும் கடைசி நேரத்துல மாத்திடுவீங்களாம்."

அடப்பாவி! ஜெயித்தபோதும் எரிந்தேன், இப்போது நீ தோற்றதற்கும் எரிகிறேன். அப்படித் தோற்க எனக்கு ஏழு பிறவியிலும் வராது.

கொக்கு பொய். மோர் பொய். நந்தியை நான் தொடக்கூட இல்லை. ஆனால் ஆகாதென்று தெரிந்தே அந்தப் பச்சைத் தோட்டாவை நீ உன் துப்பாக்கியில் போட்டாயே, அது மட்டும் நிஜம். மெழுகு இன்னும் என் விரலில் இருக்கிறது, கழுவ மனமில்லை.