அப்பா பேச நின்றார்

அன்புள்ள சின்னுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எப்போதும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை அதை நீ நிஜமாகவே நம்ப வேண்டும். முந்தாநாள் சாயங்காலம் நான் போனில் அனுப்பிய இங்கிலீஷ் வரியைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு இனிமே பேச்சே வராதாம்மா என்று நீ அழுத அழுகையில் எனக்கு விளக்கிச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. நல்லா இருக்காருடி என்று திரும்பத் திரும்பச் சொன்னதுதான் மிச்சம்.

தமிழ் தெரியாத மாப்பிள்ளையோடு நாலு வார்த்தை பேச வேண்டும் என்றுதானே பேக்கரி மாடியில் நடக்கும் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிறேன். அன்றைக்கு டீச்சர் ‘இங்’ எங்கே வரும் ‘டு’ எங்கே வரும் என்று நடத்தினாள். சில வினைச்சொல்லுக்குப் பின்னால் இங்தான், எஞ்சாய் சிங்கிங் என்பது போல, சிலதுக்கு டுதான், வான்ட் டு சிங் என்பது போல. ஏன் என்று கேட்டால் பழகிக்கொள்ள வேண்டியதுதானாம், சம்பந்தி வீட்டு வழக்கம் மாதிரி. ஆனால் ஸ்டாப் என்ற சொல்லுக்கு இரண்டும் வரும், அர்த்தம்தான் தலைகீழாகிவிடும். ஸ்டாப்டு டாக்கிங் என்றால் பேச்சை நிறுத்தினார், ஸ்டாப்டு டு டாக் என்றால் பேசுவதற்காக நின்றார். கீழே அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை ஏறி வந்து என்னைப் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தது, இந்த ஸ்டாப்பில் இங் என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது, டு என்பது இனிமேல் வரப்போவது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இறங்கி வந்தால் வழக்கம்போல அப்பா படிக்கட்டடியில் நின்றிருந்தார். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் பேசிப் பழகினால் குரல் வரும் என்று டாக்டர் எவ்வளவோ சொல்லியும் அவர் வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதிக் காட்டுவது உனக்குத் தெரிந்ததுதான். காய்கறி மண்டியில் மைக் இல்லாமல் ஏலம் கூவிய மனுஷன், உடைந்த குரலை வெளியே விட வெட்கப்பட்டார். மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது, தெருவிளக்கெல்லாம் பஞ்சுக்குள் எரிகிற மாதிரி. நான் பாட்டுக்குப் பாடத்தை ஒப்பித்துக்கொண்டே நடக்கிறேன், தையல்கடைக் கண்ணாடிக்கு முன்னால் அப்பா நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று திரும்பினேன். பாத்து வா, தரை வழுக்குது, என்றார். கரகரவென்று, பாதிக் காற்றாக, யாருடையதோ ஒரு குரல். ஆனால் அப்பாதான். நான் அப்படியே கடைப்படியில் உட்கார்ந்து அழுதேன், எந்திரி, துணி நனையுது என்று அதற்கும் ஒரு அதட்டல். அங்கேயே உட்கார்ந்துதான் உனக்கு அனுப்பினேன், அப்பா ஸ்டாப்டு டு டாக் என்று. டுவைப் பார்த்துப் பார்த்துத்தான் போட்டேன். அம்மா தப்பாக எழுதியிருப்பாள் என்று நீயே திருத்திப் படித்துவிட்டாய், உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, என் இங்கிலீஷ் லட்சணம் அப்படி.

இப்போது ஒன்றிரண்டு வார்த்தை பேசுகிறார். நேற்று காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக ஹலோ ஹலோ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கேட்காதது போல இருந்துவிட்டேன். அப்புறம் வந்து, அவளுக்கு என் குரல் தெரியுமா என்று கேட்டார். ஏன் தெரியாது என்றேன், நம்பவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் வரும். குரல் எப்படி இருந்தாலும் யாரு என்று மட்டும் கேட்டுவிடாதே. அவர் ஹலோ சொன்னதும் நீ அப்பா என்று சொல்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா