தடுப்பாட்டத்துக்கு ஆள் தேடுகிறார் உன் அப்பா

அன்பு மகன் வெஸ்லிக்கு அம்மா எழுதுவது. அலாஸ்காக் குளிரில் நீயும் டீனாவும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெப்ராஸ்காவில் எங்கள் இருவருக்கும் உடம்பு சுகம், மனசைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஃபுட்பால் சீசனில் நம் கல்லூரி இரண்டே ஆட்டம்தான் ஜெயித்தது. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறவனைப் பிடித்துக் கீழே தள்ள நம் பையன்களுக்கு வரவில்லை, வந்தவனெல்லாம் திறந்த வீட்டில் நுழைவதுபோல நுழைந்து போனான். கல்லூரித் தலைவர் உன் அப்பாவைக் கூப்பிட்டு, தடுப்பாட்டக் கோச்சை மாற்றுங்கள், அடுத்த வருஷமும் இதே கதை என்றால் தலைமைக் கோச்சான உங்களையே மாற்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். அப்பா நேராகப் போய் ஹார்லனை நீக்கிவிட்டு வந்தார். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ஹார்லன்! ஒரு கோச்சுக்கு வேலை போனால் மற்ற கோச்சுகளின் மனைவிமார் சாப்பாடு கொண்டுபோவது வழக்கமில்லையா, நானும் கோழியும் நூடுல்ஸும் சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவன் மனைவி மௌரீன் வாசலிலேயே நின்று, உன் புருஷன் பொழப்பக் கெடுப்பாரு, நீ வந்து வயித்த ரொப்புவியா என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை.

அப்புறம் ஆள் தேடும் படலம். உன் அப்பாவைத் தெரியுமே, ஆபீஸில் உட்கார்ந்தால் எவனும் நன்றாகத்தான் பேசுவான் என்று வருகிறவர்களை வீட்டுக்கே சாப்பிட அழைத்து வந்துவிடுவார். சாப்பிட்டதும் உப்பு, மிளகு, கெச்சப் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேஜையில் வரிசையாக நிறுத்தி, நம்ம பசங்க குட்டை, ஓட்டமும் சுமார்தான், இவங்கள வெச்சு எப்படித் தடுப்பீங்க என்று கேட்பார். முதலில் வந்த டெக்சாஸ்காரர் சிவப்பு டை கட்டிக்கொண்டு வந்து நின்றார். அது யார் நிறம் என்று விசாரிக்காமலா நம் ஊருக்கு வருவது, எதிராளிக் கல்லூரி நிறத்தில் இங்கே கைத்துடைக்கும் துணிகூட யாரும் வாங்கமாட்டார்களே. அப்பா கடைசிவரை தட்டைப் பார்த்தே பேசினார். அடுத்து வந்த இளவட்டம் உப்பையும் மிளகையும் தொடவே இல்லை, மொதல்ல நெட்டைப் பசங்களாப் பிடிச்சுக் குடுங்க கோச் என்றான். நெட்டைப் பசங்க இருந்தா நீ எதுக்குடா என்று அவன் போனபின் அப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மூன்றாமவர் நல்ல மனுஷன், நான் சுட்ட ஆப்பிள் பை பலகாரத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், ஆனால் ஹார்லன் செய்ததையே வேறு பேர் வைத்துச் சொன்னார்.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் அங்கே நீ கோச்சாக இருக்கும் பள்ளிக்கூடப் பையன்களின் ஆட்ட வீடியோவைப் போட்டார். எனக்கென்றுதான் நீ அனுப்புகிறாய், நான் ஒரு தடவை பார்ப்பதோடு சரி, அவர்தான் தேயத் தேயப் பார்க்கிறார், உன்னிடம் சொல்லக்கூடாது என்று உத்தரவு வேறு. பொடியன்களை வைத்து நீ நெட்டையர்களை மடக்குவதைப் பார்த்துவிட்டு, இந்தப் பயலுக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா, நான் இல்லையே என்றார். மறுநாள் தலைவரிடம் போய்ப் பேசியிருக்கிறார். மகனை வைத்துக்கொள்ளுங்கள், தோற்றால் இருவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகவேண்டும் என்றாராம் அவர். இந்த ஞாயிறு உனக்கு போன் வரும்.

நீ வந்தால் பேத்தி பக்கத்தில் இருப்பாள், எனக்கு அதைவிட என்ன வேண்டும். ஆனால் பயமாகவும் இருக்கிறது வெஸ்லி. ஹார்லனை நீக்கிய அன்று உன் அப்பா சாப்பிடவில்லை, ஆனாலும் நீக்கினார். உன்னையும் நீக்குவார், அதைத் தெரிந்துகொண்டு முடிவு செய். டீனாவைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிடாதே. என்னை யாரும் கேட்டதில்லை, கோச் பெண்டாட்டி என்று ஊர் ஊராய்ச் சாமான் கட்டியே என் வயது போய்விட்டது.

கர்த்தர் உங்கள் மூவரையும் காக்கட்டும். பனியில் வழுக்காமல் இருக்கக் கார் டயருக்குச் சங்கிலி போட மறக்காதே. இன்னொன்று, உன் அப்பாவுக்குக் கெஞ்ச வராது. ஒரு எடம் காலியா இருக்கு, தோணுச்சுன்னா சொல்லு என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத்தான் கார் கொட்டகையில் தனியாக நின்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருக்கிறார், இதை எழுதும்போதும் என் காதில் விழுகிறது. வரமுடியாது என்பதுதான் உன் பதில் என்றாலும், அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா லொரெய்ன்