நான் எழுதிக் கேட்ட மணல்

அன்பு மகள் குட்டிக்கு, அப்பா தன் கைப்பட எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இதை யாரையும் வைத்து எழுதவில்லை, மூன்று நாளாக நானே எழுதுகிறேன். நூலகத்தில் எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பு டீச்சர் வாங்கிப் பார்த்துவிட்டு இரண்டே இடத்தில்தான் சிவப்பு மையால் திருத்தினார். அம்மாவோ, "நீங்க முடிக்கறதுக்குள்ள அவளே நேர்ல வந்துடுவா" என்கிறாள். சொல்லட்டும், எனக்கு எழுத எழுத இனிக்கிறது.

குடைராட்டினத்தை மூடிவிட்டு இங்கே வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடற்கரைப் பலகை நடைபாதையை நீ இப்போது பார்த்தால் அடையாளம் தெரியாது. முன்பு கடைகளிலிருந்து தண்ணீருக்கு நாற்பது அடி வைத்து நடப்போம், இப்போது ஒன்பது. கடல் மணலை அரித்துக்கொண்டு போய்ப் பலகைக்கு அடியில் வெறும் காற்றுதான் இருக்கிறது. ஆணிகள் தலை தூக்கி நிற்கின்றன, விளக்கு எரிந்து வருஷமாகிறது. பலகை பெயர்ந்த ஒரு பள்ளத்தின் மேல் உடைந்த நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், ஆறு மாதமாக அதுதான் பராமரிப்பு. தென்கோடியில் பலூன்காரர் கடை வாசலில் ஒரு அம்மாளுக்கு முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. நகராட்சி அலுவலகத்தில் போய்ச் சொன்னால் குமாஸ்தா, "வாயால சொன்னா நான் எதுல பதியறது, எழுதிக் குடுங்க" என்பார். வியாபாரத்தை விட்டுவிட்டு யார் எழுதுவது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். இப்போதுதான் எனக்கு எழுத வந்துவிட்டதே! "தென்கோடியில் பலகைக்கு அடியில் மணல் இல்லை, உடனே மணல் போட்டுத் தர வேண்டும்" என்று எழுதி, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போனேன். குமாஸ்தா ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசித்தார், முத்திரை குத்தினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒன்பதாம் நாள் லாரியும் மண் அள்ளும் இயந்திரமும் வந்துவிட்டன. சந்தோஷத்தில் டிரைவருக்கு நானே டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டு நேராக வடகோடிக்கு வந்து, நம் ராட்டினத்தின் முன்னால் இருந்த மணலை அள்ளித் தென்கோடியில் கொட்ட ஆரம்பித்தார். நான் கத்திக்கொண்டு ஓடினால், "தாத்தா, அங்க கொட்டச் சொல்லி உத்தரவு. இங்க அள்ளக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே" என்கிறார். இரண்டு நாள் அள்ளினார்கள். கொட்டின மணலைக் கடல் ஒரே வாரத்தில் வழித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இரண்டு கோடியிலும் பள்ளம். பலூன்காரர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, என் காலுக்கடியில இல்லாதத உங்க காலுக்கடியிலயும் இல்லாம பண்ணிட்டீங்களே" என்றார். சண்டைக்குப் போனேன் அலுவலகத்துக்கு. குமாஸ்தா என் மனுவையே எடுத்து என் முன்னால் நீட்டி, "மணல் கேட்டீங்க, போட்டோம். எங்கேருந்து எடுக்கணும்னு நீங்க எழுதலையே பெரியவரே" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருக்க வேண்டும்.

இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பயப்படாதே. போன சனிக்கிழமை ஆறு பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது நடுக்கம்பம் ஒரு உதறு உதறி, குடை கடல் பக்கம் சாய்ந்தது. தோளைக் கொடுத்து நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி இறக்கினேன். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இப்போது நம் கூடத்தில் நான்கு குதிரை, ஒரு யானை, ஒரு வாத்து. அம்மா குதிரைக் கழுத்தில் துணி காயப்போடுகிறாள், சமையலறைக்குப் போக யானையை ஒருக்களித்துத்தான் தாண்ட வேண்டும்.

போதும், உன்னிடமே வந்துவிடலாம் என்று பெட்டியைக்கூட இறக்கச் சொல்லிவிட்டேன். நான்கு நாள் முன்பு பதினொரு கடைக்காரர்களும் வந்தார்கள். உட்கார இடமில்லாமல் குதிரை மேலும் யானை மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டு இன்னொரு மனு எழுதச் சொன்னார்கள். என் எழுத்து பண்ணின லட்சணம் போதாதா என்றேன். அதற்குப் பலூன்காரர், "பள்ளம் தோண்டினாலும் உங்க எழுத்துக்குத்தாண்ணே லாரி வந்துச்சு. எங்க பேச்சுக்கு ஒரு கூடை மண்ணு வந்துச்சா?" என்றார். எழுதுகிறேன். மணலை இந்தக் கரையில் எந்த இடத்திலும் அள்ளக்கூடாது, கொட்டுவதற்கு முன் அலையைத் தடுக்கக் கல் அடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்று நான்கு பக்கம் ஆகிவிட்டது. மனு வாங்கும் நாள் இருபதாம் தேதி. தேதி போட்ட பதிலை வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை. அதனால் இந்த மாதம் வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ வேண்டுமானால் போய்விட்டு வா என்று அம்மாவிடம் சொன்னேன். "யானையை யாரு தொடைப்பா" என்கிறாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் மனம் நிறைந்து நெடுங்காலம் வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. மனுவின் நகல் ஒன்றை இதோடு மடித்து வைத்திருக்கிறேன். நீ படித்தவள், நான் எதை எழுதாமல் விட்டிருக்கிறேன் என்று அந்தக் குமாஸ்தாவின் கண்ணால் ஒருமுறை படித்துப் பார்த்து, இருபதாம் தேதிக்குள் எனக்குச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
குடைராட்டினக்காரர்