உங்க வீட்டு அடுப்புல கிரானோலா

வெல்லம் உருகி ஓட்ஸ் மேல படும்போது ஒரு வாசனை வரும் பாரு, அது இப்ப ஸ்ரீரங்கத்துல உங்க வீடு முழுக்க இருக்கு. உருளி உங்க அம்மாவோடது. கரண்டி என் கையில. நீ மட்டும்தான் இல்ல. போட்டோல இருக்க, அது கணக்குல வராது. உன்கிட்ட பேசணும் போல இருந்துச்சு. அடுப்பை சிம்ல வச்சுட்டு போன்ல டைப் பண்றேன். கருகிடுச்சுன்னா நீதான் பொறுப்பு.

கீமோ ஆரம்பிச்சதும் உனக்கு சாப்பாடே ஆகல. ரசம் கொதிக்கிற வாசனை வந்தாலே பாத்ரூமுக்கு ஓடுவ. எதை வாயில வச்சாலும் இரும்பை நக்குற மாதிரி இருக்குன்னு சொல்லுவ. எடை இன்னும் குறைஞ்சா அடுத்த ஊசியைத் தள்ளிப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உங்க வீட்ல இருந்தது நீயும் உங்க அம்மாவும்தான். மாமி இட்லி, தயிர் சாதம், சேமியா பாயசம்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு கொண்டு வந்து வைப்பாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அப்படியே எடுத்துட்டுப் போவாங்க. அழ மாட்டாங்க. பாத்திரத்தை மட்டும் ரொம்ப நேரம் தேய்ப்பாங்க.

அப்பதான் யாரோ உன்னைப் பாக்க வந்தவங்க இனிப்பா வறுத்த ஓட்ஸ், கிரானோலான்னு ஒரு டப்பா வாங்கிட்டு வந்தாங்க. ஒரு பிடி சாப்பிட்ட. வாந்தி வரல. "கரகரன்னு இருக்குடி, வாசனையே இல்ல, உள்ள இறங்குது"ன்ன. நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "நம்ம பொரியுருண்டைதான்டி இது, இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருக்கு"ன்னேன்.

"படிச்சு முடிச்சிருக்குல்ல? அப்ப உன்னை விட பெட்டர்"ன்ன.

மொட்டைத் தலையோட அவ்ளோ திமிரு உனக்கு. நான் காலேஜை விட்டதை வேற யாரு சொன்னாலும் மூஞ்சியிலயே ஏதாவது சொல்லிடுவேன். நீ சொன்னா சிரிப்புதான் வரும். அடுத்து என்ன பண்ணப் போறன்னு கேக்காத ஒரே ஆளு நீ. நானும் உன்னை எப்படி இருக்கன்னு கேக்க மாட்டேன்.

டப்பா தீர்ந்ததும் நானே பண்றேன்னு கிளம்பினேன். காந்தி மார்க்கெட்ல வெல்லம், பாதாம், பூசணி விதை எல்லாம் வாங்கினேன். எனக்குத் தெரிஞ்ச பாகு கடலை மிட்டாய்ப் பாகுதான். தட்டுல விட்டா டங்குனு சத்தம் வர்ற வரைக்கும் காய்ச்சி ஓட்ஸைக் கொட்டினேன். எல்லாம் சேர்ந்து ஒரே பாறை. அதை அப்படியே உன்கிட்ட தூக்கிட்டு வந்தேன் பாரு! நீ விரலால தட்டிப் பாத்துட்டு, "மலைக்கோட்டை சரி, பிள்ளையார் எங்கடி?"ன்ன.

அடுத்த தடவை பேக்கரிக்குப் போனேன். எங்க பாலக்கரையில கிறிஸ்துமஸுக்கு வீட்ல கலந்த கேக் மாவைத் தட்டோட பேக்கரிக்குக் கொண்டு போவாங்க, பன்னு எடுத்ததுக்கப்புறம் இருக்கிற சூட்டுல வேக வச்சுத் தருவாங்க. நான் ஒரு சாதாரண நாள்ல ஓட்ஸ் தட்டோட போய் நின்னேன். பேக்கரி அண்ணன் எட்டிப் பாத்துட்டு, "என்ன பாப்பா, குதிரை வாங்கியிருக்கியா?"ன்னாரு. ஆனா நல்லா வறுத்துக் கொடுத்தாரு. சூடு ஆறுறதுக்குள்ள ஸ்கூட்டியில காவேரிப் பாலம் தாண்டி வந்துட்டேன்.

நீ ஒவ்வொண்ணா எடுத்து மென்னுட்டு இருந்த. மாமி நிலைப்படியில நின்னு கேட்டாங்க, "எங்கேடி பண்ணினே இதை?"

"பேக்கரி அடுப்புலங்க மாமி."

"அதுல முட்டையெல்லாம் வைப்பாளே."

"ஆமாங்க மாமி. கேக்கும் அதுலதான் போடுவாங்க."

எனக்குப் பொய் சொல்ல வரல. மாமி உள்ள வந்து டப்பாவைக் கையில எடுத்தாங்க. தெருவுல கொட்டப் போறாங்கன்னு நினைச்சேன். நீ மெல்லுறதை நிறுத்தவே இல்ல, அவங்களையே பாத்துட்டு இருந்த. மாமி டப்பாவை உன் மடியில வச்சாங்க.

"இதை முடிக்கட்டும். நாளைலேர்ந்து நீ குளிச்சுட்டு வா. நம்மாத்துலயே பண்ணிடு."

அந்த சமையல்கட்டுக்குள்ள குளிக்காம மாமியே போக மாட்டாங்க. உங்க சொந்தக்காரங்களே வெளிய நின்னுதான் தண்ணி கேப்பாங்க. மறுநாள் நான் ஈரத் தலையோட உள்ள நின்னேன். மாமி உருளியை எடுத்து வச்சு, தீயைச் சின்னதாக்கி, ஒதுங்கி நின்னாங்க. எனக்குக் கை சும்மா இருக்குமா? நீ ரூம்ல இருந்து கத்தின: "கரண்டி சத்தம் கேக்குது! கிண்டாதடி, அது உப்புமா இல்ல!" தாம்பாளத்துல பரப்பி அழுத்தி விட்டா ஆறுற வரைக்கும் தொடக்கூடாது, தொட்டா கட்டியெல்லாம் உதிர்ந்துடும். நான் தொட்டுடுவேன்னு மாமி தாம்பாளத்துக்குப் பக்கத்துலயே காவலுக்கு உக்காந்துட்டாங்க.

அந்தத் தடவை ஹாஸ்பிடல்ல எடை குறையல. ஊசி போட்டாங்க. அன்னைக்கு நாம மூணு பேரும் கேன்டீன்ல ஏதோ கல்யாணத்துக்கு வந்தவங்க மாதிரி சிரிச்சுட்டு இருந்தோம். அடுத்த தடவையும் எடை குறையல. நோயும் குறையல.

கடைசியில உன்னால மெல்ல முடியல. டப்பாவை என்கிட்ட தள்ளிவிட்டு, "நீ சாப்பிடு, நான் சத்தம் கேக்கறேன்"ன்ன. நான் சாப்பிட்டேன். அவ்ளோ சத்தமா நான் எதையும் மென்னதே இல்லடி. நடுவுல அழுகை வந்து புரை ஏறிடுச்சு. உனக்கு ஒரே சிரிப்பு.

நீ போனதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரல. நீ இல்லாத வீட்டுக்கு எதுக்கு வரணும்? இன்னைக்குக் காலையில மாமி போன் பண்ணாங்க. "ஓட்ஸ் பிரிக்காம கிடக்கு, பூச்சி வந்துடும். வந்து பண்ணிடேன்." யாருக்குன்னு கேக்க நினைச்சேன், கேக்கல. வந்து கதவு திறந்ததும் தெரிஞ்சுடுச்சு. மாமி கையைத் தூக்கினா வளையல் முழங்கை வரைக்கும் ஓடுது. சமையல்கட்டுல ஒரு டம்ளர் மட்டும் கவிழ்த்து வச்சிருக்கு. தனக்குன்னு அடுப்பே பத்த வைக்கிறதில்ல போல.

இரு, வறுபட்டுடுச்சு. இறக்கிட்டு வரேன்.

ஆறிடுச்சு, நான் தொடல. ஒரு கிண்ணத்துல போட்டு மாமி முன்னாடி வச்சேன். "எனக்கெதுக்குடி இதெல்லாம்"னாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். கடைசியில ஒரு கட்டியை எடுத்து வாயில போட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு.

"உப்பு போட்டியோ?"

"ஒரு சிட்டிகைங்க மாமி."

"நன்னாருக்கு." கிண்ணத்துல பாதி காலியானப்புறம் மறுபடியும் ஆரம்பிச்சாங்க. "ஏகாதசி விரதத்துக்கு இது ஆகுமான்னு யாரையாவது கேக்கணும்."

"ஆகாதுன்னு சொல்லிட்டாங்கன்னா?"

"அப்போ மறுநாள் துவாதசிக்குக் கார்த்தால வந்துடு. குளிச்சுட்டு."

சரிங்க மாமின்னுட்டேன். எந்த இடத்துலயும் நான் நிலையா நின்னதில்ல, உனக்குத் தெரியாததா. இப்ப உங்க அம்மா மீதிக் கிண்ணத்தையும் காலி பண்ணிட்டு இருக்காங்க, நான் துவாதசி என்னைக்குன்னு போன்ல தேடிட்டு இருக்கேன்.