இரண்டு மோல் காஸ்டிக்

மத்திகிரி

அன்புள்ள ஃபெபாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நேற்று ஒரு வேடிக்கை நடந்தது, பயப்பட ஒன்றுமில்லை. கம்பெனியின் கழிவுத் தொட்டியில் சேரும் கந்தக அமிலத்தை காஸ்டிக் சோடா போட்டு நடுநிலையாக்குவது இப்போது என் வேலை. துகள்களை எண்ண முடியாது, எடைபோட்டு மோலாக மாற்று என்று டியூஷனில் சொல்வாயே, அப்படியே செய்தேன். அமிலம் எத்தனை மோலோ அத்தனை மோல் காஸ்டிக் போட்டேன். சோதனைத் தாள் சிவப்பாகவே இருந்தது, அமிலம் இன்னும் போகவில்லை.

"என்னா சார், உங்க கணக்கு அமிலத்துக்குப் புரியலையாட்டம் இருக்குது!" என்று சூப்பர்வைசர் ஆஞ்சப்பன் சிரித்தார்.

சமன்பாட்டைத் தாளில் எழுதிய பிறகுதான் தெரிந்தது. அமிலம் ஒரு மோல் என்றால் காஸ்டிக் இரண்டு மோல் வேண்டும். தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிடும் முன்பே சரிசெய்துவிட்டோம். வீட்டில் என்றால் நான் அடுக்களையில் வெங்காயம் நறுக்கும்போதே, "ரெண்டு பக்கமும் எண்ணுனியால?" என்று நீ பையன்களை அதட்டுவது காதில் விழும்.

வேலை நிரந்தரமாகும்வரை லீவு கிடையாதாம். கிறிஸ்துமஸுக்கு வருவது சந்தேகம். பார்சலில் என் போர்வையை அனுப்பு, இங்கே குளிர். இன்னொன்று, டியூஷன் தொடங்கும்போது எனக்கு போன் போட்டு ஜன்னலில் வைத்துவிடு. என்னிடம் பேச வேண்டாம், பாடம் நடத்து. சாயங்காலம் இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

டவுன் பஸ் வரும் நேரம், வேலைக்குக் கிளம்புகிறேன். டியூஷனில் கடைசி வரிசையில் ஒரு பையன் கூடுதல் என்று நினைத்துக்கொள்.

உன்
மெல்வின்