மட்டக்கம்பு ஊன்றுகோல் இல்லை

ஏனுங்க,

கேத்திக்குக் கேரட் பிடுங்கப் போகிறேன். இலை விலை இப்படிக் கிடக்கும்போது நம் தேயிலையைக் கிள்ளி யாரிடம் கொடுப்பது? சோறும் ரசமும் சமையல் மேடை மேலேயே இருக்கின்றன, குனியாதீர்கள்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு ஆரிஃபா வருவாள். அவள் அருகில் நிற்கும்போது, மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பக்கவாதம் வந்த காலுக்கு நர்சம்மா சொன்ன பயிற்சிதான். "காலமெல்லாம் சரிவுல நடந்தவனுக்கு நிக்கச் சொல்லித் தர்றாளாக்கும்!" என்று அந்தம்மாவை விரட்டினீர்களே, முந்தாநாள் வாசலில் குப்புறக் கிடந்தது எந்தச் சரிவு மகாராஜா?

வாக்கரைப் பிடித்தால் ஊர் சிரிக்குமாம். அதற்காக மட்டக்கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினீர்கள். கொழுந்து மட்டம் பார்க்கச் செடி மேல் படுக்க வைக்கிற குச்சி, ஆளைத் தாங்குமா? எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு இது தெரியவில்லை!

வாக்கர் கட்டிலோரம் இருக்கிறது. கடிக்காது.

சொல்ல மறந்தேன்: மட்டக்கம்பைத் தேடாதீர்கள், என்னோடு எடுத்துப் போகிறேன். கேரட் காட்டுக்கு மட்டக்கம்போடு வந்தவளைப் பார்த்து அத்தனை பேரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.