ரமணன் அண்ணையின் பெயரில் ஓடிய பேக்கப்

பங்குனி 4, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. சுன்னாகத்தில் பஸ் அரை மணி நேரம் தாமதம். சேர்வர் அறையில் ஏசியும் இல்லை.

சான்றிதழ் சேர்வரில் பேக்கப் நகல் எடுபடவில்லை. தற்செயலாகத்தான் கண்டேன். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் பன்னிரண்டு கிளைக் கணினிகளுக்கும் “இது எங்களுடையது” என்று சான்று கொடுப்பது இந்த ஒன்றுதான். இது போனால் எல்லாக் கிளைக்கும் நேரில் போய் முதலிலிருந்து செய்ய வேண்டும். நெடுந்தீவுக்குப் படகில்.

பார்த்தவை: இடம் இருக்கிறது. வயர் சரி. நிறுத்தி மறுபடி போட்டேன். திரையில் “அனுமதி இல்லை.” திரும்பவும் அதே வரி. டிஸ்க் வேறு டிக் டிக் என்கிறது.

அம்மாவின் பிரஷர் குளிசை வாங்க மறந்துவிட்டேன்.

பங்குனி 5, புதன்

காரணம் பிடிபட்டது. பேக்கப் ரமணன் அண்ணையின் கணக்கில் ஓடியிருக்கிறது. எனக்கு முன் இந்த வேலையில் இருந்தவர். போன ஆனியில் கனடா போனார். அவர் போன அன்றே அவர் கணக்கை மூடியது நான்தான். பிழைச் செய்தி எல்லாம் அவருடைய மூடிய மெயிலுக்கே போயிருக்கிறது. ஒன்பது மாதம். பழைய நகல்களை அழிக்கிற வேலை மட்டும் ஒழுங்காக நடந்திருக்கிறது. இப்போது ஒரு நகலும் மிச்சமில்லை.

என் பெயருக்கு மாற்றி ஓடவிட்டேன். பாதியில் கரண்ட் போனது. யூபிஎஸ் தாங்கவில்லை. கரண்ட் வந்தது. டிஸ்க் எழும்பவில்லை.

சாப்பிடவில்லை.

பங்குனி 6, வியாழன்

முகாமையாளர் கூப்பிட்டார்.

“ரமணன் உமக்கு ஒண்டும் சொல்லிப்போட்டுப் போகேல்லையோ?”

“இல்லை, சேர்.”

“அப்ப அதை அப்பிடியே எழுதித் தாரும்.”

எழுதிக் கொடுத்தேன். அண்ணை ஏதும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை, அது உண்மை.

பின்னேரம் ரமணன் அண்ணையே கனடாவிலிருந்து கோல் எடுத்தார். அங்கே ஒரு வேலை சரிவந்திருக்கிறதாம். இங்கே வேலை செய்ததற்குச் சேவைக் கடிதம் வேண்டும். “சேரிட்டைக் கேட்டு அனுப்புவியோ, பிள்ளை?” ஓம் என்றேன். சேர்வர் பற்றி வாயே திறக்கவில்லை.

பங்குனி 7, வெள்ளி

சேர் கடிதம் தரமாட்டார். என் அறிக்கையைக் காட்டினார். “உப்பிடிப் பொறுப்பில்லாதவனுக்கு என்னத்தைக் கடிதம்?”

வீட்டுக்கு வந்ததும் போன வருட டயரியைத் தேடி எடுத்தேன். அண்ணை போன நாள். என் கையெழுத்து:

கேக் வாங்க.
அலுமாரிச் சாவி வாங்க.
அண்ணை சொன்னது: என்ரை கணக்கை மூட முன்னம் பேக்கப்பை உன்ரை பேருக்கு மாத்து, மறந்திடாதை.

கேக்குக்கும் சாவிக்கும் மட்டும் நேரே சரி போட்டிருக்கிறேன்.

அண்ணையிடமிருந்து செய்தி. “சேர் என்ன சொன்னவர், பிள்ளை?” அரை மணி நேரமாகப் பதில் எழுதி எழுதி அழிக்கிறேன்.